போர்ட் 8765

தமிழ்ப் பிழைதிருத்தி எழுதுவதில் இலக்கணத்துக்கும் முன்னால் வந்து நிற்பது காத்திருப்பு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனின் தலைச்சொற்களே லட்சத்தைத் தாண்டும். அவை தலைச்சொற்கள் மட்டும்தான். வீடு என்ற ஒரு சொல் வீட்டை, வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்காரர்களுக்கெல்லாம் என்று நீண்டுகொண்டே போகும். அத்தனை வடிவங்களையும் பிரித்து அடிச்சொல்லைக் கண்டுபிடிக்கும் விதிகளையும் சொற்பட்டியலோடு சேர்த்து நினைவகத்தில் ஏற்ற வேண்டும். பைத்தானில் நான் எழுதிய நிரல் இதற்கு அன்றைய அலுவலகக் கணினியில் ஐந்தாறு நொடி எடுத்துக்கொண்டது. ஏற்றி முடித்துவிட்டால் ஒரு பத்தியைச் சரிபார்க்கக் கண்ணிமைக்கும் நேரம் போதும்.

சென்னையில் சிறிய நூலாக்கக் கூடம் ஒன்றில் அப்போது எனக்கு வேலை. பழைய புத்தகங்களின் கோப்புகள் டிஸ்கியில் வரும், பாமினியில் வரும், என்ன எழுத்துரு என்றே தெரியாத குறியீட்டிலும் வரும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றத்தில் சிதைந்ததைச் சரிசெய்து, பிழை பார்த்துப் பக்க வடிவமைப்புக்குக் கொடுப்போம். திருத்தும் வேலைக்கு நான் விம் எடிட்டரைத்தான் வைத்திருந்தேன். டெர்மினலில் தமிழ் அழகாகத் தெரியாது. கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். ஆனால் முந்நூறு பக்கக் கோப்பில் எழுத்துக்கு முன்னால் வந்துவிட்ட கொம்புகளையெல்லாம் ஒரே கட்டளையில் பின்னால் தள்ள வேண்டுமென்றால், அதற்கு நிகரான கருவியை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

வெளி நிரலை எடிட்டரோடு சேர்க்க, விம்மின் மூதாதையான வி எடிட்டரின் காலத்திலிருந்தே ஒரு வழி உண்டு. சதவீதக் குறி, ஆச்சரியக் குறி, பிறகு நிரலின் பெயர். கோப்பு முழுவதும் அந்த நிரலுக்குள் போகும். நிரல் திருப்பித் தருவது பழைய உரையின் இடத்தில் வந்து உட்காரும். அகரவரிசைப்படுத்துவது, பத்தியை ஒழுங்காக மடிப்பது போன்ற சில்லறை வேலைகளுக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு கிடையாது. என் பிழைதிருத்தியை இப்படி ஓட்டினால் ஐந்தாறு நொடி திரை உறைந்துவிடும். பதில் வந்ததும் நிரல் முடிந்துபோகும். ஏற்றிவைத்த சொல்வளம் முழுவதும் அதோடு போகும். அடுத்த பத்திக்கு மறுபடியும் முதலிலிருந்து.

எங்கள் கூடத்தில் மெய்ப்புப் பார்த்த பெரியவர் பள்ளித் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒற்று மிகும் இடமும் மிகா இடமும் அவருக்கு மூச்சு மாதிரி. என் பக்கத்தில் உட்கார்ந்து திரை உறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “தம்பி, ஒவ்வொரு தடவையும் அகராதியை முதல் அட்டையிலேர்ந்து கடைசி அட்டை வரைக்கும் படிச்சுட்டா வந்து பதில் சொல்லுது?”

“ஆமாங்க ஐயா. படிச்சதும் மறந்துடுது.”

“மறக்காம உட்கார வைக்க வழியில்லையா?”

இருந்தது. நிரல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எடிட்டர் அதனிடம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குத்தான் சாக்கெட், இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ளும் வாயில்.

வியும் சாக்கெட்டும் ஒரே வளாகத்தில் பிறந்தவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிலிர்ப்பு வரும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய் 1976 வாக்கில் வி எடிட்டரை எழுதினார். மெதுவான மோடம் இணைப்பில் வேலை செய்தவர் என்பதால் அதன் கட்டளைகள் ஒற்றை எழுத்தாகச் சுருங்கின. பெர்க்லி யூனிக்ஸின் வலையமைப்பு நிரல்களிலும் அவர் கை இருந்தது. 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி வழியாகத்தான் சாக்கெட் என்ற இடைமுகம் உலகெங்கும் பரவியது. இன்று இணையத்தில் பேசும் ஏறக்குறைய எல்லா நிரலும் அந்த இடைமுகத்தின் வழித்தோன்றலைத்தான் பயன்படுத்துகிறது. இருந்தும், வியின் வாரிசான விம்முக்குள் எல்லோரும் எளிதாகப் பயன்படுத்தும்படி அது வந்துசேர 2016 செப்டம்பர் 12 வரை, விம் 8 வெளியாகும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

ஈமேக்ஸ் என்ற மற்றொரு எடிட்டரின் ஆட்கள் இந்த விஷயத்தில் வெகுகாலம் முன்னால் போய்விட்டார்கள். லிஸ்ப் மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் ஸ்லைம் என்ற இணைப்பை வைத்துக்கொண்டு, போர்ட் 4005-இல் ஓடும் லிஸ்ப் நிரலோடு எடிட்டரிலிருந்தே உரையாடினார்கள். விம்மிலும் நெட்பீன்ஸ் இடைமுகம் என்று ஒன்று முன்பே இருந்தது. அதில் பெரிய மென்பொருளின் உள்ளே விம் ஓர் உறுப்பாக அடங்கிப்போகும். நான் தேடிக்கொண்டிருந்தது நேர்மாறான ஏற்பாடு. பின்னணியில் வேலை செய்யும் வசதி விம்முக்கு வேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் 2014-இல் நியோவிம் தனியாகப் பிரிந்தது. அந்தப் பிரிவு இரண்டு பக்கத்துக்கும் நல்லதையே செய்தது என்பது என் எண்ணம். விம்மை உருவாக்கிய பிராம் மூலினார் இந்த வசதியைத் தன் வழியில், ஒரு பக்கத்தில் சொல்லிவிடக்கூடிய எளிமையோடு கட்டினார். விம்மைப் பயன்படுத்துகிறவர்களிடம் உகாண்டாவின் கிபாலே குழந்தைகளுக்கு உதவும்படி மட்டும் கேட்டுக்கொண்ட மனிதர் அவர். 2023 ஆகஸ்ட் 3 அன்று காலமானார். அந்த எளிமைக்கு நான் பட்ட கடன் பெரிது.

எவ்வளவு எளிமை என்றால், விம்மோடு சேர்ந்தே பைத்தானில் ஒரு மாதிரி சர்வர் வரும். ஒரு டெர்மினலில் அதை ஓடவிட்டால் 8765 என்ற போர்ட்டில் காத்திருக்கும். இன்னொரு டெர்மினலில் விம்மைத் திறந்து, அந்த எண்ணுக்கு ஒரு சேனல் திறந்து ‘ஹலோ!’ அனுப்பினால் ‘காட் இட்’ என்று பதில் வரும். போவது இரண்டே உறுப்பு கொண்ட ஜேசன் பட்டியல்: ஓர் எண், ஒரு செய்தி. பதிலும் அதே எண்ணோடு வரும். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பது அதனால் குழம்பாது. சர்வர் தானாகப் பேச விரும்பினால் எண் பூஜ்ஜியம். அந்த முதல் பதில் என் திரையில் வந்தபோது பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ, “இதுல நம்ம ஆளை உட்கார வைப்பியா?” என்றார். அன்று மாலைக்குள் மாதிரி சர்வரின் உடலுக்குள் என் பிழைதிருத்தி குடியேறிவிட்டது.

நான்கு சொல், ஐந்து சொல் என்று அனுப்பியவரை பதில் உடனுக்குடன் வந்தது. காத்திருப்பு என்பதே போய்விட்டது. பிறகு ஒரு நீண்ட பத்தியை அனுப்பினேன். சர்வர் யூனிகோட் பிழை என்று அலறிவிட்டு நின்றது.

தமிழோடு வேலை செய்யாதவர் பெரும்பாலும் சந்திக்காத இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். யூடிஎஃப்-8 குறியீட்டில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். அதிலும் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது பைட்டில்தான் பெரும்பாலான வேறுபாடு இருக்கிறது. மாதிரி சர்வர் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 4,096 பைட் படித்து, படித்ததை அப்போதே எழுத்தாக மாற்றிக்கொள்ளும். 4,096 பைட்டில் அடங்கும் தமிழ்க் குறியீடுகள் 1,365. ஒரு பைட் மிச்சம். நம் உரைநடைப் பத்தி ஒன்று இந்த அளவை எளிதாகத் தொட்டுவிடும். வெட்டு எங்கே விழும் என்பது இடையில் உள்ள வெற்றிடங்களையும் முற்றுப்புள்ளிகளையும் பொறுத்தது. ஆனால் மூன்று பைட் எழுத்துகளே நிறைந்த உரையில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை அது ஓர் எழுத்தின் நடுவில்தான் விழும். ‘ழ’வின் முதல் பைட் இந்தப் படிப்பில், மீதி இரண்டும் அடுத்த படிப்பில். பாதி எழுத்தை எழுத்தாக மாற்றச் சொன்னால் பைத்தான் மறுக்கும். மறுப்பதுதான் சரி.

டிசிபி இணைப்பு தரும் உறுதி இரண்டு: அனுப்பிய பைட்டுகள் வரிசை மாறாமல் வரும், இணைப்பு உயிரோடு இருக்கும்வரை எதுவும் விடுபடாது. செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அது சொல்வதில்லை. அது ஓடும் ஆறு. வாக்கியமும் சொல்லும் எழுத்தும் நாம் கரையில் நின்று வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆங்கில உரையில் வெட்டு எங்கே விழுந்தாலும் ஒரு முழு எழுத்துக்குப் பக்கத்தில்தான் விழும். பிழை வெளியே தெரியாமல் நாள்கள் ஓடும். தமிழ் உரை அதை முதல் பத்தியிலேயே காட்டிக்கொடுத்துவிட்டது. சர்வரை அலுவலகத்தின் மூலையிலிருந்த வேறு கணினிக்கு மாற்றியபோது இது இன்னும் துலக்கமாயிற்று. ஈதர்நெட் பொட்டலம் 1,500 பைட். தலைப்புகள் போக உரைக்கு மிஞ்சுவது 1,460 அளவில். ஆகவே ஒரே கணினிக்குள் ஒழுங்காகப் போன நடுத்தரப் பத்திகளும் கம்பி வழியே போகும்போது உடைந்தன.

தீர்வு ஏற்கெனவே யூடிஎஃப்-8 வடிவமைப்பிலேயே இருந்தது. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் அதை வகுத்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட பைட் கொண்ட எழுத்தின் எந்தப் பைட்டும் 128-க்குக் கீழே வராதபடி அமைத்தார்கள். வரி முடிவைக் குறிக்கும் நியூலைன் பைட்டின் மதிப்பு 10. அது எந்தத் தமிழ் எழுத்தின் உள்ளேயும் ஒளிந்திருக்க முடியாது. எனவே சேனலை வரிவரியாகப் பேசும் முறைக்கு மாற்றினேன். விம் ஒவ்வொரு செய்தியையும் ஜேசனாக்கி இறுதியில் ஒரு நியூலைன் வைத்து அனுப்பும். உரைக்குள் இருக்கும் வரிமுறிவுகளை ஜேசன் வேறு குறியாக மாற்றிவிடுவதால் குழப்பமில்லை. சர்வர் வருவதையெல்லாம் பைட்டாகவே சேர்த்து வைத்துக்கொண்டு, 10 வந்த பிறகே அதுவரை சேர்ந்ததை எழுத்தாக மாற்றும். அதற்குப் பிறகு ஓர் எழுத்துகூட உடையவில்லை.

பதில் வரும் திசையில் இந்தத் தொல்லை முதலிலிருந்தே இல்லாததற்கும் காரணம் உண்டு. பைத்தானின் ஜேசன் நூலகம், வேறு மாதிரி சொல்லாதவரை, ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டையும் ஆறு ஆங்கிலக் குறிகளாக விரித்து எழுதும். தமிழ் என்ற சொல் போகும்போது 15 பைட், திரும்பும்போது 30. இடம் இரட்டிப்பாகும், ஆனால் எங்கே வெட்டினாலும் பைட் அளவில் சேதமில்லை.

காத்திருக்காமல் பேசுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கேட்டுவிட்டு விடைக்காக நிற்கும் முறையும் விம்மில் உண்டு. இரண்டு நொடி வரை பார்த்துவிட்டுக் கைவிடும். எனக்கு வேண்டியிருந்தது மற்றது: கேள்வியைப் போட்டுவிட்டுத் தொடர்ந்து தட்டச்சு செய்வது. பதில் வந்ததும், விம் அடுத்த விசைக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் நாம் சொல்லிவைத்த செயல்பாட்டைக் கூப்பிடும். அதற்குள் உரை மாறியிருக்கலாம். நாற்பதாம் வரியில் பிழை என்று சர்வர் சொல்லும்போது அந்த வரி நாற்பத்திரண்டுக்கு நகர்ந்திருக்கும். விம் ஒவ்வொரு பஃபருக்கும் ஒரு மாற்ற எண்ணை வைத்திருக்கிறது. எதைத் திருத்தினாலும் அது கூடும். கேள்வியோடு அந்த எண்ணையும் அனுப்பி, பதிலில் திரும்பி வரும் எண் இப்போதைய எண்ணோடு பொருந்தாவிட்டால் பதிலை எறிந்துவிட்டுப் புதிதாகக் கேட்கும்படி செய்தேன். பழைய பதிலைத் திருத்திப் பொருத்தப் பார்ப்பதைவிட எறிவது நல்லது. சர்வர் விழித்திருக்கும்போது இன்னொரு முறை கேட்க ஆகும் செலவு ஒன்றுமில்லை.

பெரியவர் அந்த நாள்களில் தினமும் வந்து உட்கார்ந்து விதி சொன்னார். சுட்டுக்குப் பின் மிகும்: அந்தப் பையன், இந்தக் காலம். இரண்டாம் வேற்றுமை விரியில் மிகும், நான்காம் வேற்றுமை விரியில் மிகும். வந்த பையன் என்பதில் மிகாது, அது பெயரெச்சம். ஓடாக் குதிரையில் மிகும், அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஒவ்வொன்றையும் நான் நிரலில் எழுதியதும் சர்வரை மட்டும் நிறுத்தித் திரும்ப ஓட்டுவேன். எடிட்டரில் திறந்திருக்கும் கோப்பு அப்படியே இருக்கும். இரண்டும் தனித்தனி நிரல் என்பதன் அருமை எனக்கு அங்கேதான் உறைத்தது. விதியைத் திருத்த எடிட்டரைத் தொட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் தானே திருத்திவிடும்படி செய்யலாமா என்று கேட்டபோது அவர் கையை ஆட்டி மறுத்தார். “‘வேலை கொடு’ன்னு ஒருத்தன் எழுதறான். வேலைன்னா உத்தியோகமா, வேல்ங்கற ஆயுதத்தையா? ஆயுதம்னா ‘வேலைக் கொடு’ன்னு வரணும். அது உன் பொட்டிக்குத் தெரியுமா?” தெரியாது. முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் படித்த மனிதருக்குத்தான் தெரியும். ஆகவே சர்வர் இரண்டு வகையாகப் பதில் சொல்லத் தொடங்கியது: இது பிழை என்று ஒன்று, இதைப் பார் என்று ஒன்று. இரண்டாவது வகைக்கு வேறு நிறம். தமிழுக்குப் பிழைதிருத்தி எழுதும் யாரும் இந்த இரண்டாவது வகையை விட்டுவிடக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கேட்காமல் ஒற்றுப் போடும் கருவி நூலாசிரியரின் பொருளை மாற்றிவிடும். அச்சில் போன பிறகு அதை யார் மீட்பது?

பிழை இருக்கும் இடத்தைச் சொல்வது அதைக் கண்டுபிடிப்பதைவிடச் சிரமம். “அந்த பையன்” என்பதில் முதற்சொல்லுக்குப் பிறகு ஒற்று வேண்டும். அந்த என்பதை எழுத்தெண்ணிப் பெரியவர் மூன்று என்பார். யூனிகோடில் புள்ளி தனிக் குறியீடு; பைத்தான் நான்கு என்று எண்ணும். விம் தன் நெடுவரிசைகளைப் பைட்டால் எண்ணுகிறது. அதன் கணக்கு பன்னிரண்டு. சர்வர் நான்கு என்று சொல்லி, விம் அதை நான்காம் பைட்டாக எடுத்துக்கொண்டால், வண்ணக்கோடு அகரத்தை அடுத்தே விழும். எடிட்டரும் வெளி நிரலும் எந்த அலகில் எண்ணுகிறோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விம்மின் ஜேசன் சேனலில் மறுமுனை வெறும் பதில் மட்டும் சொல்வதில்லை. எடிட்டரின் கட்டளைகளையே இயக்கச் சொல்லலாம், அதன் வழியாகக் கணினியின் கட்டளைகளையும். வசதி பெரிது, ஆகவே மறுமுனையில் யார் என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். சர்வர் மூலைக் கணினியில் இருந்த காலத்தில், நேரடியாக வலையமைப்பில் கேட்கவிடாமல் 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் கட்டி, எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாகப் போய்வந்தோம். வரிமுறைக்கு மாறியதால் வருவது வெறும் உரையாகிவிட்டது. அதை இயக்குவதா வேண்டாமா என்பது என் நிரலின் கையில் இருந்தது. நான் எதையும் இயக்கவிடவில்லை.

பக்கத்து மேசை நண்பர் ஈமேக்ஸ் பயன்படுத்துபவர். விம்மில் வண்ணக்கோடு விழுவதைப் பார்த்து, தனக்கும் வேண்டும் என்றார். அவருக்காகப் பிழைதிருத்தியில் ஒரு வரியும் மாற்றவில்லை. ஈமேக்ஸின் சாக்கெட் செயல்பாட்டை வைத்து அதே போர்ட்டுக்கு அவரே இணைப்பு எழுதினார். கொஞ்ச நேர வேலைதான். சர்வரும் அதுதான், சொற்பட்டியலும் அதுதான், பெரியவர் சொன்ன விதிகளும் அவைதான். நினைவகத்தில் ஒரே ஒரு பிரதி, அதைக் கேட்டு வேலை செய்யும் எடிட்டர்கள் இரண்டு. ஒவ்வொரு எடிட்டருக்கும் தனித்தனியாகத் தமிழ்ப் பிழைதிருத்தி எழுத நம்மிடம் ஆள் இல்லை, பணமும் இல்லை. ஒன்றை நன்றாக எழுதி, ஒரு போர்ட்டில் உட்கார வைத்து, கேட்க வந்த எடிட்டருக்கெல்லாம் பதில் சொல்லவிடுவதுதான் தமிழ்க் கருவிகளுக்கு ஏற்ற வழி என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன்.

உலகமும் அந்தப் பக்கம்தான் போயிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2016-இல் பொதுவில் வைத்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டகால் இதே ஏற்பாட்டை நிரல்மொழிகளுக்குச் செய்தது. இன்று விம், ஈமேக்ஸ், விஎஸ் கோட் எல்லாம் அதைப் பேசும். நான் கட்டிய வரிமுறையைக் கழற்றிவிட்டு, பிழைதிருத்தியை அந்த நெறிக்கு மாற்றியாயிற்று. அங்கே செய்தியின் நீளம் பைட்டில், உரைக்குள் உள்ள இடம் யூடிஎஃப்-16 அலகில். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் அந்த அலகில் ஒன்றுதான்; அந்த என்பதன் முடிவு நான்கு. 2022-இல் வந்த 3.17ஆம் பதிப்பிலிருந்து, எந்த அலகில் எண்ணுவது என்று இணையும்போதே இரு பக்கமும் பேசிக்கொள்ளலாம். எங்கள் சர்வர் கேட்பவருக்கு ஏற்ற அலகைத் தரும். அதோடு, நெறியில் இடமில்லாவிட்டாலும், பிழைச் செய்தியின் உரையிலேயே எத்தனையாவது சொல், சொல்லில் எத்தனையாவது எழுத்து என்று பெரியவரின் கணக்கையும் சேர்த்து எழுதுகிறது. மெய்ப்புத் தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு அந்த எண்தான் உதவுகிறது.